கேட்டதும் நம்பலாமா?
மாணவரும் உரையாடும் கணினியும்

வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு இன்று கைத்தொலைபேசியே ஆசிரியராகிவிட்டது. 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது முதல், கேட்ட மாத்திரத்தில் கட்டுரையே எழுதித் தரும் உரையாடும் கணினி நம் இல்லங்களில் குடிபுகுந்துவிட்டது. அதைத் தடுக்க இயலாது, தடுக்கத் தேவையுமில்லை. அதை அறிவோடு கையாளப் பிள்ளைகளைப் பழக்குவது பெற்றோர், ஆசிரியர், துணைப்பாட வகுப்புகளுக்கு வாரி வழங்கும் அன்பர்கள் ஆகிய நம் அனைவரின் கடமையாகும்.

அது பதில் சொல்லும் விதம்

முதலில் அதன் இயல்பை மாணவர் அறிய வேண்டும். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட அக்கணினி, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருவது பொருத்தம் எனக் கணித்தே வாக்கியத்தை அமைக்கிறது. ஆகவே நடை சரளமாக இருக்கும். செய்தி சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தெரியாததையும் தெரிந்தது போலவே உரைக்கும். 2023 ஜூன் மாதத்தில் நியூயார்க் நகர நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பித்துக் கூறிய, உண்மையில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தது. சட்டம் படித்தவர்க்கே இந்நிலை என்றால் 12 வயதுப் பிள்ளை எம்மாத்திரம்? மேலும், கணினி கற்ற பக்கங்களில் தமிழின் பங்கு ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு. எனவே தமிழில் கேட்கும்போது கூடுதல் விழிப்பு வேண்டும்.

குறளைக் கொண்டு ஒரு பயிற்சி

இதனை விளக்கத் திருக்குறளைவிடச் சிறந்த கருவி இல்லை. 133 அதிகாரங்களும் 1,330 குறள்களும் எண்ணிடப்பட்டு எல்லார் கையிலும் உள்ளன. 'கல்வி' அதிகாரத்திலிருந்து ஐந்து குறள்களை எண்ணுடன் தருமாறு கணினியைக் கேட்கச் சொல்லுங்கள். அது 40ஆம் அதிகாரம். 391 முதல் 400 வரையிலான குறள்கள் கொண்டது. பின்னர் நூலைத் திறந்து, எண் சரியா, சொற்கள் மாறாமல் உள்ளனவா, அதிகாரம் அதுதானா என மாணவரே சிவப்பு மையால் திருத்தட்டும். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று சீர் உள்ளனவா என்றும் எண்ணட்டும். ஏழு சீர் அமைந்தும் நூலில் இல்லாத குறளைக் கணினி தரக்கூடும். அப்போதுதான், தோற்றம் சரியாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு என்பது பிள்ளையின் மனத்தில் பதியும்.

இவ்வாறே உள்ளூர் வரலாற்றையும் சோதிக்கலாம். சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827ஆம் ஆண்டு நாராயண பிள்ளை அவர்களால் நிறுவப்பட்டது; 1973இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கணினி கூறும் பெயரையும் ஆண்டையும் நூலக நூல்களோடு ஒப்பிடட்டும்.

கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள்

1. முதலில் தன் விடையைத் தானே எழுத வேண்டும். பிறகே கணினியிடம் செல்ல வேண்டும்.

2. "விடை தா" என்று கேளாமல், "என் விடையில் விடுபட்டது எது?" என்று கேட்க வேண்டும்.

3. பெயர், ஆண்டு, மேற்கோள் ஆகியவற்றை நூலில் சரிபார்க்க வேண்டும். "உறுதிதானா?" என்று கணினியையே வினவுவது போதாது. அழுத்திக் கேட்டால் சரியான விடையையும் அது மாற்றிக்கொள்வதுண்டு.

4. திரையை மூடிவிட்டு, கற்றதைச் சொந்தச் சொற்களில் பெற்றோருக்கு விளக்க வேண்டும். விளக்க முடியாதது இன்னும் கற்கப்படாதது.

5. முகவரி, அடையாள அட்டை எண், குடும்பச் செய்திகள் ஆகியவற்றைத் தரலாகாது.

யார் சொன்னாலும் அதன் மெய்ப்பொருளைத் தேர்ந்து காண்பதே அறிவு என்று வள்ளுவர் 'அறிவுடைமை' அதிகாரத்தில் உணர்த்துகிறார். அந்த 'யார்' என்பதில் இன்று இயந்திரமும் சேர்ந்துவிட்டது. ஆகவே, மாணவருக்குக் கணினி வாங்கித் தரும் அன்பர்கள் அதனருகே ஒரு நல்ல அகராதியையும் திருக்குறள் உரைநூலையும் வைக்க உதவுமாறு அன்புடன் வேண்டுகிறேன். கேட்கவும் தெரிந்து, கேட்டதை ஆராயவும் தெரிந்த தலைமுறை உருவாக எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.