படைப்புழுவின் இடப்பெயர்ச்சியை அறிதல்

கமக்காரர்களே,

இடம்பெயரும் உயிரினங்களை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம். மன்னாருக்கு ஆண்டுதோறும் வந்து மீளும் வடபுலப் பறவைகள் முதலாம் வகை. மழையால் பசுமை தோன்றும் இடங்களை நாடிக் காற்றோடு அலையும் பாலைவன வெட்டுக்கிளி இரண்டாம் வகை. சென்ற இடத்திலேயே தங்கிப் பெருகுவன மூன்றாம் வகை.

சோளத்தை அழிக்கும் படைப்புழு எவ்வகையினது? வட அமெரிக்காவில் அதன் அந்துப்பூச்சி கோடையில் வடக்கே பறக்கும். உறைபனி வந்ததும் அங்குள்ளவை மடியும். அப்பூச்சி 2016இல் ஆபிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்பட்டது. எமது சோள நிலங்களில் அதனை மடிக்கும் உறைபனி இல்லை. பயிர் உள்ளவரை பெருகும். ஆகவே பூச்சியை மட்டுமன்றி, அது சேர்ந்த இடத்தையும் நோக்கியே வகைப்படுத்தல் வேண்டும்.

ஆராய்வது எங்ஙனம்? 1899இல் டென்மார்க்கில் மோட்டன்சன் என்பார் பறவைகளின் காலில் இலக்கமிட்ட அலுமினிய வளையங்களை அணிவித்தார். அந்துப்பூச்சிக்கு வளையம் பொருந்தாது. பெண்பூச்சியின் மணத்தை ஒத்த பொருள் வைத்த கவர்ச்சிப் பொறியினால் ஆண்பூச்சிகளைப் பிடித்து எண்ணுவர்.

நீங்கள் செய்யவேண்டியவை:

1. சோளம் முளைத்தவுடன் கவர்ச்சிப் பொறியை அமைத்திடுக.

2. அகப்பட்டவற்றை எண்ணித் திகதியுடன் கொப்பியில் எழுதுக.

3. அயற்கமக்காரரின் கணக்கோடு ஒப்பிடுக. எப்பக்கத்தில் முதலில் பெருகிற்று என்பது புலப்படும்.

4. எண்ணிக்கை ஏறின், தாமதியாது இலைகளில் முட்டைக் குவியல்களைத் தேடி நசுக்குக. புழு குருத்தினுள் புகுந்தபின் மருந்து அதனை எட்டுவது அரிது.

கணக்குக் கொப்பியை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக.