நாய்க்குட்டிக்குக் கூண்டுப் பழக்கம்

தோட்டத்தில் குடியிருப்போரும் ஆட்டுப்பட்டி வைத்திருப்போரும் பெரும்பாலும் நாய் வளர்க்கின்றனர். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று இனம் பார்த்து வாங்குவோர் உண்டு. பக்கத்துத் தெருவில் போட்ட குட்டியைத் தூக்கி வருவோரும் உண்டு. எந்தக் குட்டியானாலும் சோறு வைப்பதோடு நம் கவனிப்பு நின்றுவிடுகிறது. ஓரிடத்தில் அடைத்தால் அமைதியாக இருப்பதற்கு அதைப் பழக்குவோர் மிகக் குறைவு. அந்தப் பழக்கம் இல்லாததால் என்ன நேரும் என்பதை நான் நேரில் கண்டேன்.

மானாவாரிக் கிராமம் ஒன்றுக்குப் பயிற்சி முகாமுக்காகச் சென்றிருந்தேன். அங்கே ஒரு விவசாயியின் நாய் பக்கத்து வீட்டுச் சிறுவனைக் காலில் கடித்திருந்தது. நாயைப் பத்து நாட்கள் அடைத்து வைத்துக் கவனிக்கும்படி மருத்துவர் கூறியிருந்தார். பிறந்தது முதல் அடைபட்டு அறியாத நாய். முதல் இரவே கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. மறுநாள் ஊரார் அதை அடித்துக் கொன்றுவிட்டனர். நாய்க்கு வெறிநோய் இருந்ததா இல்லையா என்பது கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. பையன் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறான். ஆனால் இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்வதில்லை.

கடித்த நேரத்தில் நாயின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால், பத்து நாட்களுக்குள் அந்த நாய் நோய்க்குறி காட்டி இறந்துவிடும். பத்து நாட்கள் கழித்தும் அது நலமாக இருந்தால், கடி மூலம் நோய் பரவியிருக்காது என்று நம்பலாம். இதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி ஊசி போடும் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

நாய் கடிக்காவிட்டாலும் கூண்டுக்கு வேலை உண்டு. பருத்திக்கு மருந்து தெளிக்கும் நாள், எலி மருந்து வைக்கும் இரவு, டிராக்டர் ஓடும் நேரம், பெட்டை நாய் பருவத்துக்கு வரும் இரண்டு மூன்று வாரங்கள், மருத்துவமனைக்கு வண்டியில் ஏற்றிச் செல்லும் நேரம் ஆகியவற்றில் நாய் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்.

கூண்டுக்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு மாதக் குட்டிக்குக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் போதும். மேலே ஒரு கல்லை வைத்துவிடலாம். வளர்ந்த நாய்க்குப் பழைய பலகை, மூங்கில், கம்பி வலை கொண்டு உள்ளூர் ஆசாரியே செய்து கொடுப்பார். நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். ராஜபாளையம் போன்ற உயரமான நாய்க்கு நான்கு அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்று அடி உயரம் சரியாக இருக்கும். குட்டிக்கும் அதே கூண்டுதான் என்றால், நடுவில் பலகை வைத்து இடத்தைக் குறைத்துவிடுங்கள். இடம் அதிகமானால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு மறு மூலையில் அசுத்தம் செய்யும். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாத குணம் நாய்க்கு இயற்கையிலேயே உண்டு. அதைக் கெடுக்கக் கூடாது.

தகரக் கூரை வேண்டவே வேண்டாம். நம்மைப் போல உடல் முழுதும் வியர்த்து நாய் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் தணிக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரத்துக்கடியில் அடைத்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வேப்ப மர நிழலில், தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கூண்டை வையுங்கள்.

இனிப் பழக்கும் முறை. குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். கொண்டு வரும்போது தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டையும் கேட்டு வாங்கி வாருங்கள். கூண்டில் அதை விரித்தால் அந்த வாசனையில் குட்டி அடங்கும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் கதவைச் சாத்த வேண்டாம். சோற்றை உள்ளே வையுங்கள். தானாகப் போய்த் தின்றுவிட்டு வரட்டும். பிறகு தின்னும் நேரத்துக்கு மட்டும் சாத்தி, தின்று முடித்ததும் திறந்துவிடுங்கள். நாளுக்கு நாள் சிறிது நேரம் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிடும். கழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டே அடைக்க வேண்டும். கயிறு கம்பியில் மாட்டிக் குட்டிகள் இறந்ததுண்டு.

அடைத்ததும் குட்டி கத்தும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். என் வீட்டுக்கு வந்த குட்டியை முதல் இரவே பூட்டினேன். அது ஊரைக் கூட்டியது. அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து திறந்துவிட்டேன். கத்தினால் கதவு திறக்கும் என்று அன்றே அது கற்றுக்கொண்டது. அதை மறக்கடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கத்தும்போது திறக்காதீர்கள். மூச்சு விடுவதற்காகச் சற்று ஓயும் அல்லவா, அப்போது திறங்கள். ஆனால் இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நடுநிசியில் முனகினால் எழுந்து, தினமும் விடும் அதே இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கொஞ்சாமல் திரும்ப அடைத்துவிடுங்கள். தண்டனையாக ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடித்து உள்ளே தள்ளிய நாய் மறுபடி தானாக அதற்குள் போகாது.

ஆடு வைத்திருப்போருக்கு ஒன்று கூறுவேன். குட்டியின் கூண்டைப் பட்டிக்குள்ளேயே வையுங்கள். மூன்று நான்கு மாத வயது வரை எதனோடு பழகுகிறதோ அதைத்தான் நாய் தன் கூட்டமாக எண்ணும். ஆட்டின் வாசனையும் சத்தமும் பழகிப் போகும். கிடாய் முட்டி அடிபடவும் வழியில்லை. இளங்குட்டிகளைத் துரத்தி விளையாடும் கெட்ட பழக்கமும் வராது.

‘இரவில் அடைத்துவிட்டால் காவல் யார்?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரவு அடைப்பது குட்டிப் பருவத்தில்தான். வளர்ந்த காவல் நாய் இரவில் வெளியே இருக்கட்டும். பகலில் தேவைப்படும்போது அடைத்தால் போதும். அதுவும் நான்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். சாக்கை வாரம் ஒரு முறை வெயிலில் உதறிக் காயப்போடாவிட்டால் உண்ணி சேரும்.

மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கால்நடை மருந்தகம் செல்லும்போது குட்டியைக் கூண்டோடு கொண்டு செல்லலாம். அதன் பிறகு மருத்துவர் சொல்லும் நாளிலும், ஆண்டுதோறும் தவறாமலும் போட வேண்டும். ஊசி போட்ட தேதியைக் கூண்டுக் கதவிலேயே பெயிண்டால் எழுதி வைத்துவிட்டால் அடுத்த ஆண்டு சீட்டைத் தேட வேண்டியதில்லை.