நம்பிக்கைகளும் உண்மைகளும்: குற்றால அருவி ஹாக்கி வீரரின் காயத்தை ஆற்றுமா?

மே மாதம் கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி. அது முடிந்த கையோடு ஜூனில் குற்றாலத்தில் சாரல். ஆடி ஓய்ந்த காலோடு அருவிக்குக் கிளம்பும் வீரர்களுக்கு ஊரே வைத்தியம் சொல்கிறது. அதில் சிலவற்றை நம்பினால் அடுத்த சீசனே போய்விடும்.

நம்பிக்கை: மூலிகைத் தண்ணீரில் நின்றால் உள்காயம் ஆறிவிடும்.

உண்மை: தோலில் பட்டு ஓடிவிடும் தண்ணீர், உள்ளே கிழிந்த தசைக்கு மருந்து கொண்டுபோகாது. அருவி விழும் வேகத்தில் தோளும் முதுகும் இளகும், குளிர்ச்சியில் வலி மரத்துப்போகும், இரவு நன்றாகத் தூக்கம் வரும். உடம்பு தேறத் தூக்கம் மிக அவசியம் என்பதால் நான் குளியலைத் தடுக்கமாட்டேன். ஆனால் வலி மரத்ததைக் குணமானதாக நினைத்து மறுநாளே ஓடக்கூடாது.

நம்பிக்கை: அருவிக்கரை எண்ணெய் மசாஜ் சுளுக்கை எடுத்துவிடும்.

உண்மை: அதிகம் கெடுதல் செய்வது இதுதான். குனிந்தபடி ஓடிச் சட்டென்று திரும்பும்போது கணுக்கால் பிசகினால், பெரும்பாலும் வெளிப்பக்க லிகமென்ட்தான் கிழிந்திருக்கும். வீங்கிய இடத்தில், எலும்புக்குக் கீழே, கட்டைவிரலை ஊன்றி உருவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும், வீக்கமும் ஏறும். முதல் இரண்டு மூன்று நாட்கள் அங்கே யாரையும் கை வைக்க விடாதீர்கள். நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ நேராகத் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, நேர் ஓட்டம், பக்கவாட்டுத் திருப்பம் என்று படிப்படியாக ஏறவேண்டும். ஸ்டிக்கோடு முழுவேக ஆட்டம் கடைசியில்தான். காயமில்லாமல் வெறுமனே அலுத்துப்போன தொடைக்கு மசாஜ் செய்துகொள்வதில் தவறில்லை.

நம்பிக்கை: சீசன் முடிந்தால் இரண்டு மாதம் படுத்தே கிடக்கவேண்டும்.

உண்மை: ஒன்றிரண்டு வாரம் போதும். அதற்குமேல் சும்மா இருந்தால் மூச்சுத்திறன் இறங்கும், பின்தொடை வலுவிழக்கும். அடுத்த பயிற்சி முகாமின் முதல் வாரத்திலேயே தசை பிடித்துக்கொள்ள அது போதும். முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்ல முன்னால் சாயும் நோர்டிக் பயிற்சியை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். கால்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வுகளில், இதைத் தொடர்ந்து செய்தவர்களுக்குப் பின்தொடைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது.

சீசன் முடிந்து அணி மாறுகிறவர்களைப் பற்றியும் ஒரு நம்பிக்கை உண்டு.

நம்பிக்கை: திறமைசாலி எந்த அணிக்குப் போனாலும் முதல் நாளே ஒட்டிக்கொள்வார்.

உண்மை: அரியலூரில் பிறந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வம், 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்தார். பார்த்தவர்களுக்கு அது ஒரு நொடி. அதற்குப் பின்னால் விடுதி வாழ்க்கையும் தேசிய முகாமும் இருந்தன. 2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மீண்டும் தொடங்கியபோது அவர் சேர்ந்த தமிழ்நாடு டிராகன்ஸ் போன்ற அணி ஒவ்வொன்றிலும் 24 பேர் இருந்தார்கள், அதில் 8 பேர் வெளிநாட்டவர். இத்தனை பேர் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ள முடியாது. ஒரு பெனால்டி கார்னரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பந்தைத் தள்ள, இன்னொருவர் நிறுத்த, மூன்றாமவர் இழுத்து அடிக்கவேண்டும். அதற்குள் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் தடுக்கத் தயாராக இருப்பார்கள். தள்ளுபவரின் கைவேகம் நிறுத்துபவருக்குப் பழகாவிட்டால், இழுத்து அடிப்பவர் அந்த சீசனில் டிராகன்ஸில் இருந்த டச்சு வீரர் ஜிப் யான்சனாகவே இருந்தாலும் பந்து வலைக்குப் போகாது. அந்தப் பழக்கம் கூடி ஆடி ஆடித்தான் வரும். 15 நிமிடக் கால்பகுதிக்குள் பல முறை ஆள் மாற்றுவது இன்றைய ஹாக்கியின் நடைமுறை. பெஞ்சில் உட்காரவைத்தால் ஒதுக்கிவிட்டார்கள் என்று வீட்டார் கலங்கவேண்டாம்.

புது அணியில் சேரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இடம் போய்விடுமோ என்று பயந்து பழைய காயத்தை மறைக்காதீர்கள். முதல் நாளே பயிற்சியாளரிடமும் பிசியோவிடமும் சொல்லிவிடுங்கள்.