பழைய போர்க்கத்தியின் நகல் வைத்திருப்போருக்கு

ஆண்டிபட்டி வட்டத்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் இருக்கும் வீட்டில் நினைவுப் பொருளாக குக்ரி என்னும் வளைந்த கத்தி ஒன்று கிடக்கலாம். பழைய போர்க்கத்திகளின் நகல்களைச் சேர்த்து, தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் ஆர்வலர்களும் உண்டு. இரு தரப்பினருக்கும் உதவும் சில குறிப்புகள் இவை.

1. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுச் சுவரே ஈரம் கசியும். அப்போது அலகை வெறுங்கையால் தொட்டால், வியர்வை உப்பு பட்ட இடத்தில் விரல் ரேகை வடிவிலேயே துரு பூக்கும். தொட்டதும் பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும்.

2. தோல் உறைக்குள் கத்தியை நிரந்தரமாகப் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும். பதனிட்ட தோலில் தங்கியிருக்கும் அமிலமும் உப்பும் இரும்பை அரிக்கும். உறை தனியாக, கத்தி தனியாக இருக்கட்டும்.

3. லேசான துரு என்றால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை இரவு முழுக்கச் சுற்றி வைத்து, காலையில் மூங்கில் சில்லால் சுரண்டுங்கள். அடுப்பங்கரையில் வைத்துச் செய்ய வேண்டாம். பித்தளைப் பிடியைப் புளி போட்டுத் தேய்ப்பது நகலுக்குச் சரி. உண்மையிலேயே பழைய பொருளாக இருந்தால் புளி பக்கமே போகாதீர்கள். காலம் ஏற்றிய கருநிறம் போய்விட்டால் திரும்ப வராது.

4. வாங்கும்போது திருகாணியைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்தி என்று சொல்லிக் கொடுப்பதில் கூட்டல் குறித் தலையுள்ள திருகு இருந்தால், அந்தத் திருகாவது பிற்காலத்தது. அவ்வகைத் திருகு 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. தேய்மானத்தையும் துருவையும் கவனியுங்கள். கையாண்ட கத்தியில் பிடிக்கும் இடமும் உறையில் உரசும் இடமும் தேய்ந்திருக்கும். அமிலம் ஊற்றிப் பழசாக்கியதில் புள்ளிகள் ஒரே சீராகப் பரவியிருக்கும்.

5. நகல் என்பதில் இழுக்கே இல்லை. டேராடூனில் 1943-ல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் வரலாற்று வாள், கத்திகளின் நகல்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. நகலை அசல் என்று விற்பதுதான் குற்றம். கைமாற்றும்போது ரசீதில் ‘நகல்’ என்று எழுதி, செய்த இடத்தையும் ஆண்டையும் குறியுங்கள். நமக்குப் பின் இதை எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளையை ஏமாற்ற நமக்கு உரிமை கிடையாது.

6. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுத வகையில் வரும். வீட்டு, விவசாய உபயோகத்துக்கென்று செய்தவை விலக்கு. உரிமம் தேவையா என்பது அந்தந்தப் பகுதிக்கான அரசு அறிவிக்கையைப் பொறுத்தது. காசு கொடுக்கும் முன் காவல் நிலையத்தில் கேளுங்கள்.

7. நம் வட்டாரத்து மண் பழையது. இதே ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. உழும்போது பழங்கத்தி கிடைத்தால் தேய்க்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த கலைப்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதையும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

8. கருப்பசாமிக்கு நேர்ந்து நட்ட அரிவாள் சேகரிப்புப் பொருள் அல்ல. யார் விலை பேசினாலும் மறுத்துவிடுங்கள்.

9. சேகரிப்பை வளரி என்னும் எறிதடியின் நகலோடு தொடங்குவது நம் ஊருக்குப் பொருத்தம். சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதாக ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நல்ல தச்சரிடம் சொன்னால் மரத்திலேயே செய்துவிடலாம்.

10. விமானத்தில் கொண்டுபோனால் கைப்பையில் வைக்கக் கூடாது. முனைக்குக் கார்க் செருகி, அட்டை சுற்றி, ரசீதோடு சரக்குப் பெட்டியில் போடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சுவரில் மாட்டாமல் பூட்டிய பீரோவில் வையுங்கள்.