இரண்டு இன்ச் தூக்கினால் தி.நகர் வெள்ளம் தாண்டலாமா?

ஐப்பசி மழை இறங்கியதும் சென்னையில் பழைய ஜிப்ஸி, தார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆசை வரும்: வண்டியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் என்ன? 2015 டிசம்பரில் அடையாற்றையும் 2021 நவம்பரில் தி.நகரையும் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆசையோடு ஒட்டிக்கொண்டு வரும் நம்பிக்கைகள் பல தப்பு.

நம்பிக்கை: லிஃப்ட் கிட் இரண்டு இன்ச் என்றால் தரை இடைவெளியும் இரண்டு இன்ச் கூடும்.

உண்மை: ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். கிட் தூக்குவது சேஸிஸையும் பாடியையும்தான். கல்லில் முதலில் இடிபடுகிற டிஃபரன்ஷியல் உருண்டை ஆக்ஸிலோடு பழைய இடத்திலேயே கிடக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் வேண்டும். டயரின் விட்டம் இரண்டு இன்ச் கூடினால் கிடைப்பது ஒரே இன்ச். 2010-ல் வந்த தாரில் கதை வேறு. முன்பக்கம் டார்ஷன் பார், போல்ட்டை முறுக்கினாலே மூக்கு எழும்பிவிடும், காசும் அதிகம் ஆகாது. ஆனால் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் சுற்ற, ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். பிறகு உள்ளே சேறுதான்.

நம்பிக்கை: தூக்கிய வண்டி தண்ணீரில் நிற்காது.

உண்மை: இன்ஜினைக் கொல்வது அது காற்று இழுக்கும் வாய் வழியே புகும் தண்ணீர். சிலிண்டருக்குள் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். வண்டியைத் தூக்கினால் அந்த வாய் மேலே போவதும் அதே இரண்டு இன்ச்தான். எதிரே வரும் மாநகரப் பேருந்தின் அலை அதை விழுங்கிவிடும். சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கினால் மூச்சுத் துளை வழியே தண்ணீரை உறிஞ்சும். அந்தத் துளைக்கு நீளமான ஹோஸ் மாட்டி மேலே ஏற்றுவது சின்னச் செலவு, உருப்படியான வேலை. துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதுவும் போதாது. சுற்றிப் போங்கள்.

நம்பிக்கை: எல்லோரும் செய்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள்?

உண்மை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கேட்கும். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டின் திருத்தப்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வாளர் முன் நிறுத்தித்தானே ஆக வேண்டும்?

நம்பிக்கை: வண்டி தாழ்ந்துபோச்சு, கிட்தான் மருந்து.

உண்மை: தாழ்ந்தது வயசான பட்டை. வருடக்கணக்கில் சுமந்து வளைவு தட்டையாகியிருக்கும். சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். இடம் வலம் வித்தியாசம் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். கம்பெனி அளவில் புதுப் பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர் போட்டால் பழைய உயரம் திரும்பும். ஆர்.டி.ஓ.வுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. ஜிப்ஸி ஏற்கெனவே ஒடுங்கிய, உயரமான வண்டி. இன்னும் தூக்கினால் ஈ.சி.ஆரில் திடீரென்று ஒடிக்கும்போது சாய்வது தெரியும். மயிலாப்பூர் மாட வீதியில் புடவையோடு ஏறி இறங்கும் அம்மாவின் முழங்காலையும் கணக்கில் சேருங்கள். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு லிஃப்ட் வேண்டாம் என்பதே என் முடிவு. அந்தக் காசில் மழைக்கு முன்பே பட்டையை மாற்றிவிடுங்கள்.