வாய்ச்சொல்லும் அளவுகோலும்

முன்னுரை

“உங்கள் உயரம் என்ன? எடை என்ன?” என்னும் வினாக்களுக்கு விடை கூறாதார் அரியர். அவ்விடை மெய்யளவோடு பொருந்துமா என்று எண்ணிப் பார்ப்பாரும் அரியரே. நலவாழ்வுக் கணக்கெடுப்புகள் பல, மக்கள் தாமே கூறும் அளவுகளைக் கொண்டு உடற்பருமனின் பரவலைக் கணிக்கின்றன. அக்கூற்று எத்துணை நம்பத்தக்கது என்பதை அமெரிக்கக் கணக்கெடுப்புகளின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைக் கணக்கெடுப்புகள்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1984ஆம் ஆண்டில் தொலைபேசிவழிக் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கிற்று. மக்கள் கூறும் உயரமும் எடையும் அவ்வாறே பதிவு செய்யப்படுகின்றன. செலவு குறைவு, இலட்சக்கணக்கானோரை எளிதில் அணுகலாம்.

அந்நாட்டின் மற்றொரு கணக்கெடுப்பில், ஊர்விட்டு ஊர் செல்லும் நடமாடும் ஆய்வுக்கூடங்களில், பயிற்சி பெற்றோர் காலணியைக் களையச் செய்து மக்களை நேரில் அளக்கின்றனர். அளப்பதற்கு முன் நேர்காணலிலும் உயரமும் எடையும் கேட்கப்படுகின்றன. எனவே ஒருவரின் சொல்லையும் அளவையும் அருகருகே வைத்து ஒப்பிட இயல்கிறது.

2000ஆம் ஆண்டின் தொலைபேசிக் கணக்கெடுப்பு, வயதுவந்தோருள் 19.8 விழுக்காட்டினரே உடற்பருமன் உடையோர் என்றது. 1999-2000இல் நேரில் அளந்த கணக்கெடுப்போ 30.5 விழுக்காடு என்றது. இரண்டும் வயதெல்லையிலும் மக்களைத் தெரிவுசெய்யும் முறையிலும் வேறுபடுதலின், இவ்விடைவெளி முழுவதையும் வாய்ச்சொல்லின் மீது சுமத்துதல் தகாது. எனினும் 64 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2007இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, உயரத்தைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் கூறுதலே பொதுப்போக்கு எனக் காட்டுகிறது.

சிறு பிழையின் பெருவிளைவு

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறைப்படி 25 முதல் மிகை எடை. 30 முதல் உடற்பருமன்.

165 சென்டிமீட்டர் உயரமும் 83 கிலோ எடையும் உடைய ஒருவரைக் கொள்வோம். அவர்தம் குறியீட்டெண் 30.5. அவர் 168 சென்டிமீட்டர், 80 கிலோ என்று கூறிவிட்டால் அது 28.3 ஆகிவிடும். மூன்று சென்டிமீட்டரும் மூன்று கிலோவும் அவரை உடற்பருமன் உடையோர் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகின்றன.

பிழை எழும் வழிகள்

இதனைப் பொய் என்று கடிந்துரைத்தல் பொருந்தாது. முதுகெலும்பின் இடைத்தட்டுகள் தேய்வதால் முதுமையில் உயரம் குறைகிறது. முதியோரோ இளமையில் அளந்த உயரத்தையே நினைவிற் கொண்டு கூறுவர். எடை பார்த்து ஆண்டுகள் பல கடந்தோரும் உளர். 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியுமாறு எண்ணை முழுமையாக்கிக் கூறுவோர் பலர். சமுதாயம் மெச்சும் தோற்றத்தை நாடும் விழைவும் உண்டு. பருத்தோர் எடையைக் குறைத்துரைக்க, மெலிந்த ஆடவர் சிலர் கூட்டியுரைப்பர். முகம் காணாத தொலைபேசி உரையாடலில் இவ்விழைவு மேலும் இடம்பெறுகிறது.

விளைவும் தீர்வும்

பிழைபட்ட கணக்கு நோயாளர் தொகையைக் குறைத்துக் காட்டும். அதற்கேற்ப மருத்துவ ஏற்பாடுகளும் குறையும். மற்றொரு தீங்கும் உண்டு. உடற்பருமன் உடையோர் மிகை எடைப் பிரிவில் கலந்துவிடின், அப்பிரிவினர்க்கு நீரிழிவு முதலியன உள்ளவாற்றினும் மிகுதியாக வருவனபோல் தோன்றும்.

ஆய்வாளர், மக்களுள் ஒரு பகுதியினரை அளந்து, சொல்லுக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, ஏனையோர் கூற்றைத் திருத்துவர். ஆயின் ஒரு நாட்டிற்கோ ஒரு காலத்திற்கோ வகுத்த திருத்தம் பிறிதொன்றிற்கு அப்படியே பொருந்துவதில்லை.

முடிவுரை

நம் நாட்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 1998-99இல் நடந்த இரண்டாம் சுற்றிலேயே பெண்களின் உயரத்தையும் எடையையும் நேரில் அளந்தது; 2005-06இல் ஆடவரையும் அளந்தது. செலவும் உழைப்பும் மிகுந்த இவ்வழியே உறுதியானது. கேட்டறிந்த எண் பயனற்றதன்று. ஆண்டுதோறும் நிகழும் மாற்றத்தின் போக்கை அது காட்டும். ஆனால் எண்ணொன்றைக் காணும்போது, அது அளந்ததா, கேட்டதா என்று வினவுதல் கற்றோர் கடமையாகும். நம் வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளர் அளவுகோலுடன் வந்தால், கூச்சமின்றிக் காலணியைக் கழற்றி நிற்பதும் ஒரு பொதுத்தொண்டே.