போர்த்துக்கல்: கடலோர நாட்டில் காணத்தக்கவை



ஆறாம் ஆண்டு மாணவர்களை மலாக்காவிற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். குன்றின் அடியில் நிற்கும் பழைய கல்வாயிலைச் சுற்றிச் சுற்றி வந்த மாணவி ஒருத்தி, "ஐயா, வாசல் இருக்கிறது, கோட்டை எங்கே?" என்று கேட்டாள். உடனிருந்தோர் நகைத்தனர். எனக்கோ அது நல்ல வினாவாகத் தோன்றியது. 1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், பள்ளிவாசலின் கற்களையும் சுல்தான்களின் கல்லறைக் கற்களையும் பெயர்த்தெடுத்து அங்கே 'ஆ ஃபாமோசா' என்னும் கோட்டையை எழுப்பினர். 1641-இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1807-இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். எஞ்சியது அவ்வாயில் ஒன்றே.

அக்கோட்டையைக் கட்டியவர்களின் தாய்நாட்டில் எவை எஞ்சியுள்ளன? அங்குச் செல்வோர் எவற்றைக் கண்டு வரவேண்டும்? இதனையே இங்கு எழுத முற்பட்டேன். நான் அந்நாட்டை நேரில் கண்டவனல்லேன்; நூல்களின் வழியே அறிந்தவற்றையே கூறுகிறேன்.

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி அமைந்த சிறு நாடு போர்த்துக்கல். அதன் தலைநகர் லிஸ்பன். அந்நகரின் மேற்கே, டேகஸ் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் பெலேம் என்னும் பகுதி உளது. வாஸ்கோட காமா 1497-இல் அங்கிருந்தே கப்பலேறி, மறு ஆண்டு கோழிக்கோட்டை அடைந்தார். ஆற்றங்கரையில் நிற்கும் பெலேம் கோபுரம் பகைவரின் கப்பல்களைத் தடுக்கக் கட்டப்பட்டது. அதன் காவல் மாடம் ஒன்றின் அடியில் காண்டாமிருகத்தின் தலை செதுக்கப்பட்டுள்ளது! ஐரோப்பாவில் காண்டாமிருகம் ஏது? குஜராத் சுல்தான் அளித்த காண்டாமிருகம் ஒன்றை ஆளுநர் அல்புகர்க் தம் மன்னருக்கு அனுப்பினார். 1515-இல் அது லிஸ்பன் வந்து சேர்ந்தது. மலாக்காவை வென்றவரும் இதே அல்புகர்க்தான். ஜெர்மானிய ஓவியர் டியூரர் அவ்விலங்கை நேரில் காணாமலே வரைந்த படம் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

கோபுரத்திற்கு அருகே ஜெரோனிமோஸ் மடாலயம் உளது. கப்பற் கயிறுகளையும் கடல்சார் உருவங்களையும் கல்லிலே வடித்திருக்கும் திறத்தைக் காண்போர் வியப்பர். வாஸ்கோட காமாவின் கல்லறையும் அதனுள்ளேயே இருக்கிறது. கட்டி முடிக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன. அதற்கான பொருள் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழை நாடுகளிலிருந்தும் வந்த வாணிக வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கு இதற்கென ஒதுக்கப்பட்டது. கற்றச்சரின் கைத்திறனைப் போற்றுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆயினும் அக்கற்களின் விலையைக் கொடுத்தவர்கள் நம் கடற்கரைகளிலும் இருந்தனர் என்பதை மறவாமலே அதனைக் காண வேண்டும். தெற்கே லாகோஸ் என்னும் துறைமுகத்தில், 1444-ஆம் ஆண்டு கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் 235 பேரைக் கூறுபோட்டுப் பங்கிட்டனர். தாயையும் சேயையும் பிரித்த அந்தக் கொடுமையை அக்காலத்துப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியரே எழுதி வைத்துள்ளார். அவ்வூரின் கடற்குகைகளைக் காணச் செல்வோர் அங்குள்ள அடிமை வாணிக அருங்காட்சியகத்திற்கும் செல்ல வேண்டும்.

1755 நவம்பர் முதல் நாள் காலை, லிஸ்பன் நகரை நிலநடுக்கம் உலுக்கியது. பின்னர்க் கடல் பொங்கியது. தீயும் பல நாள் எரிந்தது. கார்மோ மடாலயத்தின் ஆலயம் அன்று இழந்த கூரையை இன்றளவும் பெறவில்லை. கூரையற்ற வளைவுகளின் ஊடே வானம் தெரிய, அப்படியே விடப்பட்டிருக்கிறது.

சிந்த்ரா மலை அரண்மனைகள், போர்த்தோ நகர், நீலவண்ண ஓட்டுப் பதிப்புகள், இரவில் பாடப்படும் 'ஃபாடோ' என்னும் சோகப் பாடல் ஆகியவையும் பயணிகளைக் கவர்வன. இவற்றை எந்தச் சுற்றுலா நூலும் கூறும். தோட்டத்து மக்களாகிய நாம் காணவேண்டிய வேறொன்று, தலைநகருக்குத் தெற்கேயும் கிழக்கேயும் பரந்து கிடக்கும் அலென்தேஜோ மாநிலத்தில் உண்டு.

அதுவே தக்கை மரம். புட்டிகளை அடைக்கும் தக்கை ஒருவகை ஓக் மரத்தின் பட்டையே ஆகும். உலகின் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்த்துக்கலில் விளைகிறது. நட்ட மரத்தில் முதற்பட்டை உரிக்க 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பின்பு ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறையே உரிப்பர். மூன்றாம் முறை உரிக்கும் பட்டைதான் நல்ல புட்டித் தக்கைக்கு உதவும். நட்டவனின் மகன் காலத்தில்தான் முழுப்பயன் என்று கொள்ளுங்கள்! கோடைக்காலத்தில் இருவர் இருவராகச் சேர்ந்து, சிறு கோடரியால் பட்டையைப் பிளந்து, பெரும் பலகை போலப் பெயர்த்தெடுப்பர். கோடரி சற்று ஆழ்ந்தால் உள்பட்டை காயப்படும், மரம் கெடும். எந்த ஆண்டில் உரித்தது என்பதை அறிய, ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்தின்மீது வண்ணத்தால் எழுதி வைப்பர்.

பால்மரம் சீவும் நம் பெற்றோருக்கு இதனை விளக்கவும் வேண்டுமா? உளி ஆழ்ந்தால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பதை அவர்கள் கைகளே அறியும். அந்நாட்டில் பட்டை உரிப்போர் தேர்ந்த தொழில்வினைஞராக மதிக்கப்பட்டு, வேளாண் தொழிலாளருள் உயர்ந்த கூலி பெறுகின்றனர். விடியுமுன் எழுந்து காண்டா சுமந்து செல்பவர்களின் கைத்திறனுக்கும் அத்தகைய மதிப்பு வேண்டும் என்று நான் எண்ணுவது தவறாகாது.

இனி, மொழியைப் பற்றி ஒரு சொல். நம் வகுப்பறையின் மேசை, அலமாரி, ஜன்னல், சாவி ஆகிய சொற்கள் போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை. மலாய்மொழியின் மேஜா, ஜெண்டேலா, பெண்டேரா ஆகியவையும் அவ்வாறே; 'செகோலா' என்னும் சொல்லும் அவர்கள் தந்ததே. நம் மொழியும் அவர்கள் நாட்டிற்குச் சென்றது. 1554-இல் லிஸ்பனில் அச்சான சமய நூலொன்றில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் இடம்பெற்றன. அதன் ஆக்கத்தில் தமிழர் மூவர் பங்கு கொண்டனர்.

அத்துணைத் தொலைவு செல்ல வசதியற்றோர் வருந்த வேண்டா. மலாக்கா ஊஜோங் பாசிரில் போர்த்துகீசிய வழித்தோன்றல்களின் குடியிருப்பு உளது. 'கிறிஸ்தாங்' என்னும் அவர்தம் மொழியை முதியோர் சிலர் இன்னும் பேசுகின்றனர். ஜூன் மாத இறுதியில் புனித பேதுரு திருவிழாவின்போது மீனவர்கள் தங்கள் படகுகளுக்கு வண்ணமிட்டு அலங்கரிப்பர். அடுத்த சுற்றுலாவில் அவ்வாயிலைக் கண்டபின் அங்கும் சென்று வருவோம். வினா எழுப்பிய மாணவி இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். அவளையும் உடன் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன்.